நானூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டர்

1998 ஜூன் மாதம், கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றின் கீழ்ப் பிரிவில் மட்டும் பதினோரு நாள் விடாமல் மழை பெய்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் வெயிலில் துணி காய்ந்தது. காரணத்தில் ஒன்றும் மர்மமில்லை. ஆபீசுக்குப் புதிதாக வந்த கம்ப்யூட்டரில் கணக்கெழுதும் கிராணி நிலாம் முந்தைய நாள் மழையை 41.2 என்று அடித்தபோது புள்ளி விழவில்லை. திரையில் 412 என்று நின்றது. அழித்துப் பார்த்தார், அழியவில்லை. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று தோட்டத்தை நடத்தும் தொரை சொல்லிவைத்திருந்தார் அல்லவா, அதனால் வானம் தன் பிழையைத் திருத்தத் தொடங்கியது. கம்ப்யூட்டரைப் பூட்டிய கொழும்பு இன்ஜினியரும் போனில், மிஷின் சரி, மழைதான் பிழை என்று சொல்லி வைத்துவிட்டார்.

ரப்பர் பால் வெட்டும் கிருஷ்ணகுமாரி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் குடியிருந்தாள். லயத்துக்குப் பின்னால் மலை வெடித்திருந்தது. முதல் நாள் விரல் நுழைந்த வெடிப்பில் ஐந்தாம் நாள் கையே போனது. வீட்டுக்குள் நிறைமாத மகள் ஷாமிளா. ஓடையோ பாலத்தை மூடிக்கொண்டு ஓடியது, மகளைத் தூக்கிக்கொண்டும் தாண்ட முடியாது.

பதினோராம் நாள் காலை, மழையளக்கும் டப்பாவை நிலாம் வழக்கப்படி அளந்து, வழக்கப்படி கவிழ்த்ததை அவள் பார்த்தாள்.

“எவ்வளவுங்க ஐயா?”

“நூத்தி எண்பது.”

“தெனமும் கொட்டிடுறீங்களா?”

“கொட்டாம? தோட்டம் தொடங்குன நாள்லேர்ந்து அப்புடித்தானே.”

“மழை ஆபீசுல நிக்கிற 412க்கு நெறைக்கப் பாக்குது, நீங்க கவுத்துடுறீங்க. பின்ன எப்புடிங்க நிக்கும்?”

நிலாம் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். இனிக் கொட்டாமல் விட்டாலும் நிறைய இரண்டு நாளுக்கு மேலாகும். மலை அதுவரை தாங்காது.

“அதுக்கு மழை வேணாங்க, அளவுதானே வேணும்” என்று அவள் குழாய்த் தண்ணீரை அளவுக் கிளாசில் பிடித்து டப்பாவில் ஊற்றத் தொடங்கினாள். ஒரு கிளாசுக்குப் பத்து மில்லிமீட்டர். மழை விழுந்து எண்ணிக்கை குழம்பாமலிருக்க நிலாம் டப்பாவுக்குக் குடை பிடித்தார். முப்பதாவது கிளாசில் லயத்துக் கடைசி வீட்டுக் குசினி அடுப்போடு மண்ணுக்குள் போனது. அடுத்த வீடு அவளுடையது. அவள் ஊற்றியதில் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. நாற்பத்தோரு கிளாஸ், அதற்குமேல் இரண்டு கோடு. மழை நின்றது. பாதி வழி வந்த துளிகள் திரும்பிப் போயின.

ஓடை வடிந்ததும் ஷாமிளாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், பெண் பிள்ளை பிறந்தது. 2001 வறட்சியில் அதே ஓடை வற்றியபோது, வேலை பிரிக்கும் காலைப் பெரட்டுக்கு நின்ற சனம், கம்ப்யூட்டரில் மழையை வரவழைக்கலாமென்று பேசி முடிவெடுத்து நேரே ஆபீசுக்குப் போனது. நிலாம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். கிருஷ்ணகுமாரி பக்கத்தில் நின்று, புள்ளிக் கட்டையின்மேல் விரலை வைத்துக்கொண்டாள்.

“நம்பர மட்டும் நீங்க அடிங்க ஐயா. புள்ளிய நான் பாத்துக்கிறேன்.”