வெங்காயத்தாள் வேண்டாம்

அந்த நூடுல்ஸ் கடையில் மொத்தம் பதினான்கு பேர் உட்காரலாம். பதினைந்தாவது ஆள் வந்தால், யாராவது எழுந்திருக்கும்வரை சுவரில் சாய்ந்து நிற்க வேண்டும். அவர் பார்வை முதுகில் குத்த, உட்கார்ந்திருப்பவர்கள் கொஞ்சம் வேகமாகவே சாப்பிடுவார்கள். சலவைக்கடைக்கும் செல்போன் ரிப்பேர் கடைக்கும் நடுவில் எட்டடி முகம் காட்டிக்கொண்டிருந்த கடை அது. சூப் நூடுல்ஸ், வறுத்த நூடுல்ஸ், முட்டைச் சோறு, ஆவியில் வெந்த டம்ப்ளிங். பலகையில் எழுத வேறு எதுவும் இல்லை. விலை குறைவு, கிண்ணம் பெரிது. அதனால் நர்ஸுகளும் டாக்ஸி டிரைவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை மொய்த்துக்கொண்டிருப்பார்கள்.

அடுப்பில் நிற்பவளை எல்லாரும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் அவள் கணவர். 'பெரிய' எதற்கு என்று புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியாது. மூன்று வருடம் முன்புவரை அங்கே ஒரு சின்னக்காவும் இருந்தாள்.

சின்னவள் அவளுடைய கூடப்பிறந்த தங்கை. கடையை இரண்டு பேருமாகத்தான் ஆரம்பித்தார்கள். ஆனால் அங்கே இருந்த நான்கு வருடமும் சின்னவள் காய் நறுக்கினாள், கிண்ணம் கழுவினாள், மேஜை துடைத்தாள். கரண்டி மட்டும் அவள் கைக்குப் போகவில்லை. "இன்னும் பழகணும்டி" என்பாள் அக்கா. எவ்வளவு பழக வேண்டும் என்று சொன்னதில்லை.

ஒரு நாள் பெரியக்கா பல் வலியில் டாக்டரிடம் போய்விட்டுத் திரும்பியபோது கடை நிறைந்திருந்தது. அடுப்பில் தங்கை நின்றிருந்தாள். வாணலியில் நூடுல்ஸ் துள்ளிக்கொண்டிருந்தது. மூலையில் ஒருவர் இரண்டாவது தட்டு கேட்டுக்கொண்டிருந்தார். பெரியக்காவுக்கு என்ன ஆனதென்று அவளுக்கே தெரியாது. நேரே போய் வாணலியைப் பிடுங்கி, அப்படியே கழிவு வாளியில் கவிழ்த்தாள்.

"இதை எவன் திம்பான்?"

பதினான்கு பேரும் மெல்லுவதை நிறுத்தினார்கள். சின்னவள் ஏப்ரனை அவிழ்த்து நான்காக மடித்து, நறுக்கும் பலகைமேல் வைத்துவிட்டு, முன்வாசல் வழியாகப் போனாள்.

அதற்குப் பிறகு பேச்சில்லை. இதே ஊரில்தான் இருக்கிறாள், எங்கேயோ சமையல் வேலை என்று சித்தி சொல்லித் தெரியும். எங்கே என்று கேட்கப் பெரியக்காவுக்கு வாய் வரவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு புதன்கிழமை மதியம் அந்த ஆர்டர் வந்தது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வரும் டெலிவரிக்காரர் போனைப் பார்த்துப் படித்தார். "முட்டை சூப் நூடுல்ஸ் ஒண்ணு. வெங்காயத்தாள் வேண்டாம், மிளகு தூக்கலா, ரெண்டு முட்டை."

பெரியக்காவின் கை அந்தரத்தில் நின்றது. சின்ன வயதில் தங்கை சாப்பிட உட்கார்ந்தால் வெங்காயத்தாளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டோரத்தில் வரிசையாக வைப்பாள். அதை எடுத்துத் தின்பது அக்கா. மிளகு தூக்கலாகவும் முட்டை இரண்டாகவும் இருந்தால்தான் அவளுக்குத் தொண்டையில் இறங்கும்.

அடுத்த புதனும் அதே ஆர்டர். அதற்கடுத்த புதனும்.

"அவதான்," என்றாள் கணவரிடம். "நேர்ல வர ரோஷம். அக்கா கைச் சாப்பாட்டை விடவும் முடியல."

"ஊர்ல வெங்காயத்தாள் பிடிக்காதவ உன் தங்கச்சி ஒருத்திதானா?" என்றார் அவர்.

"உங்களுக்கு என்ன தெரியும்?"

அவர் சில்லறையை அடுக்கப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அந்த ஒரு கிண்ணத்துக்குத் தனிக் கவனிப்பு. பூண்டைப் பொன்னிறமாக வறுத்து மேலே தூவினாள். மிளகை அப்போதே இடித்துப் போட்டாள். முட்டையை மஞ்சள் கரு இளகலாக இருக்கும் பதத்தில் இறக்கினாள். டப்பாவின் மூடிமேல் ஒரு வரி எழுதலாமா என்று பேனாவை எடுப்பாள். என்ன எழுதுவது? சாப்பிட்டியா என்றா? சாப்பாட்டையே அனுப்பிவிட்டு அதை எப்படிக் கேட்பது? பேனாவை மூடிக் காதில் செருகிக்கொள்வாள். புதன்கிழமை என்றால் காலையிலிருந்தே அவள் முகம் வேறாக இருக்கும். வாடிக்கையாளர்கள் சிலர் கேட்காமலே இரண்டு டம்ப்ளிங் கூடுதலாகப் பெற்றார்கள்.

எட்டு மாதம் இப்படி ஓடியது. பிறகு ஒரு புதன் ஆர்டர் வரவில்லை. சரி, வேலையாக இருக்கும். அடுத்த புதனும் வரவில்லை. பெரியக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. காய்ச்சலோ, வேறு ஏதுமோ. மூன்றாவது புதன், கூட்டம் ஓய்ந்ததும் டெலிவரிக்காரரைப் பிடித்தாள்.

"அட்ரஸ் சொல்லக் கூடாதுக்கா. என் வேலைக்கே உலை வெச்சிடுவாங்க."

"என் தங்கச்சிப்பா."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அங்க எப்பவும் கதவுக்குள்ளேர்ந்து ஒரு கைதான் வெளிய வரும். யாருன்னு நான் பாத்ததில்ல. பின்தெரு, மஞ்சக் கட்டடம். நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது."

சூப்பைத் தூக்குவாளியில் ஊற்றி எடுத்துக்கொண்டு போனாள். ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கினாள். முதல் வார்த்தை என்ன சொல்வது என்று படிக்கு ஒன்றாக யோசித்து, நாலாவது மாடிக்குப் போனபோது ஒன்றும் மிஞ்சவில்லை.

கதவைத் திறந்தவர் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு மனிதர். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. அவருக்குப் பின்னால் மேஜை நிறையப் பல்செட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. ஆளில்லாமல் இருபது வாய்கள் அவளைப் பார்த்துச் சிரித்தன.

"யாரும்மா?"

"நூடுல்ஸ் கடை. இங்க... வேற யாராவது இருக்காங்களா? பொம்பளப் பிள்ளை?"

"நான் மட்டுந்தான். பல் கட்டுற வேலை." அவர் தூக்குவாளியைப் பார்த்தார். "நான் ஆர்டர் போடலியே. கடவாய்ப் பல் ரெண்டைப் பிடுங்கி மூணு வாரம் ஆச்சு. கஞ்சிதான் ஓடுது."

"வெங்காயத்தாள் வேணாம்னு..."

"அது பல்லிடுக்குல மாட்டும்மா. நாள் முழுக்கப் பல்லோடயே இருக்கறவனுக்கு அது தெரியும்."

பெரியக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவர் நாற்காலிமேல் இருந்த ஒரு தாடையை அப்புறப்படுத்தி, உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். முன்பின் தெரியாத அந்த மனிதரிடம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். வாணலியைக் கவிழ்த்ததைக்கூட.

"அந்த சூப்பைக் குடிக்கிறப்ப, யாரோ எனக்குன்னே பாத்துப் பாத்துப் பண்ற மாதிரி இருக்கும்," என்றார் அவர். "தனி ஆள் பாருங்க. புதன்கிழமைக்குக் காத்துக்கிட்டிருப்பேன். கடைசில இன்னொருத்தர் சாப்பாட்டைச் சாப்பிட்டிருக்கேன்."

"இல்லங்க," என்றாள் அவள். "உங்க சாப்பாடுதான். குடிங்க, ஆறிடும்."

கீழே இறங்கி வந்து, கடைசிப் படியில் உட்கார்ந்து, தங்கைக்குப் போன் போட்டாள். மூன்று வருடமாக விரல் போய்ப் போய்த் திரும்பிய எண். ஏழாவது மணியில் எடுத்தாள். பின்னால் கரண்டி வாணலியில் இடிக்கும் சத்தம், எண்ணெய் சீறும் சத்தம்.

"அடுப்புல நிக்கிறேன். சீக்கிரம் சொல்லு."

சுற்றிவளைக்க நேரமில்லாமல் போனது நல்லதாயிற்று. "அன்னைக்கு நான் கொட்டினது நல்லாத்தான் இருந்துது," என்றாள் பெரியக்கா. "வாசனையிலயே தெரிஞ்சுது. என்னைவிட நல்லா வந்திருந்துது. அதான் கொட்டினேன்."

கரண்டிச் சத்தம் நின்றது.

"தெரியும்," என்றாள் சின்னவள். "நான் ருசி பாத்துட்டுத்தான் தட்டுல போட்டேன்."

"வந்துடேன். அடுப்பை நீயே பாத்துக்க. நான் காய் நறுக்கறேன்."

"வர முடியாதுக்கா. இங்க நூத்தம்பது பேர் என் கையை நம்பி வர்றாங்க." கொஞ்சம் பொறுத்து, "வேணும்னா நீ வந்து சாப்பிடு," என்று பஸ் டிப்போவின் பெயரைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கடையைக் கணவரிடம் விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறிப் போனாள். டிப்போ வாசலை ஒட்டித் தகரக் கூரை போட்ட நூடுல்ஸ் கடை. நீள பெஞ்சுகள், காக்கிச் சட்டைகள், வரிசை வெளியே தெருவரை நின்றது. கடைசி ஆளாகத் தட்டை எடுத்துக்கொண்டு நின்றாள். தூரத்தில் தங்கையின் முதுகு தெரிந்தது. கொஞ்சம் பருத்திருந்தாள். தலையில் வலைத்தொப்பி. வாணலியைச் சுண்டும்போது வலது தோள் மட்டும் ஏறி இறங்கியது. "சின்னம்மா, எனக்கு நல்லா முறுகலா," என்று ஒரு டிரைவர் உரிமையோடு கேட்டார். இங்கே அவள் சின்னம்மா.

முறை வந்தபோது இருவரும் பார்த்துக்கொண்டார்கள். சின்னவள் ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தாள். பிறகு தட்டு நிறையப் போட்டாள். "நகருங்கம்மா," என்றார் யாரோ பின்னால்.

பெரியக்கா பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, ஒரு இழைகூட விடாமல் சாப்பிட்டாள். உப்பு, தீ, பதம் எல்லாம் அளந்து வைத்த மாதிரி இருந்தது. யாரிடம் கற்றாள் என்று கேட்கத் தோன்றியது, கேட்கக் கூச்சமாக இருந்தது. கூட்டம் வடியும்வரை காலித் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் சின்னவள் துணியோடு வந்து எதிர்ப்பக்கம் துடைத்தாள்.

"மாமா எப்படி இருக்காரு?"

"இருக்காரு. கல்லாவும் அவருமா."

"தனியா திணறுவாரு. நீ கிளம்பு."

பெரியக்கா எழுந்திருக்கவில்லை. "அடுத்த ஞாயிறு வரட்டா?"

"அடுத்த வாரம் எனக்குக் காலை ஷிஃப்ட். ஆறு மணிக்கெல்லாம் அடுப்பு மூட்டணும்."

"அஞ்சரைக்கு வரேன்."

சின்னவள் துடைத்த இடத்தையே இன்னொரு முறை துடைத்தாள். "அவ்வளவு காலையில பஸ் கிடைக்காதுக்கா," என்றாள்.

"நடந்து வரேன்."