குறைத்துச் சொன்ன மீன்

எங்கள் தீவில் ஒன்பதாம் மாத வடகாற்று கிளம்பிவிட்டால் கோழி வடக்கே முதுகு காட்டி உட்காரக் கூடாது. இட்ட முட்டை திரும்ப உள்ளே போய்விடும். என் வீட்டுக் கோழி ஒன்று ஒரே முட்டையை நான்கு தடவை இட்டிருக்கிறது. என் மனைவி எங்-தோவைக் கேட்டால் இரண்டு தடவைதான் என்பாள். ஐம்பத்திரண்டு வருஷமாக நான் சொல்வதையெல்லாம் பாதியாக வெட்டுவது அவள் வேலை. ஊர்க்காரர்கள் கதைக்கு என்னிடம் வருவார்கள், அளவுக்கு அவளிடம் போவார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் ஒரு அளவு வருகிறது.

போன வருஷம் அரசாங்கத்திலிருந்து ஒரு அறிவிப்பு வந்தது. தீவுக்கு வடக்கே உள்ள கடல் முழுவதையும், ஆய்வு முடிந்ததும், காப்புக் கடலாக்கப் போகிறார்களாம். வலை கூடாது, தூண்டில் கூடாது, கடலுக்குள் இருக்கும் ஒரு கல்லைக்கூட நகர்த்தக் கூடாது.

வலையையும் தூண்டிலையும் விட்டுத்தள்ளலாம். கல் விஷயம்தான் எங்கள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. வடக்குக் கடலில் எங்களுக்கு ஒரு கல்பட்டி இருக்கிறது. ஆட்டுக்குப் பட்டி போடுவதுபோல மீனுக்குப் போட்டது. கருங்கல்லையும் பவளக்கல்லையும் சுண்ணாம்பு இல்லாமல் அடுக்கி, வளைத்துக் கொண்டுபோய், கடைசியில் ஒரு வட்டமாகச் சேர்த்த மதில். வெள்ளம் ஏறும்போது மதில் மூழ்கிவிடும், மீன் உள்ளே வரும். வடியும்போது மதில் தலைதூக்கும், மீன் அந்த வட்டத்தில் நின்றுபோகும். அதற்குப் பெரிய தொந்தி என்று பெயர். பன்னிரண்டு வீட்டுக்குப் பங்கு. வருஷப் பிறப்பில் கோயிலில் சீட்டுப் போட்டு முறை வைப்போம். உன் முறையன்று உள்ளே நிற்பது உன்னுடையது.

புயல் ஒவ்வொரு வருஷமும் மதிலைக் கலைக்கும். பன்னிரண்டு வீடும் இறங்கித் திரும்ப அடுக்கும். இரண்டு வருஷம் தொடாமல் விட்டால் பெரிய தொந்தி வெறும் கல்மேடு.

ஊர்த்தலைவன் தியாம் கோயில் முற்றத்தில் கூட்டம் போட்டான். படகுத்துறையில் சிவப்புத் துணியில் பெரிய எழுத்தில் ஏற்கெனவே கட்டிவிட்டிருந்தான்: 'இங்கே காப்பதற்கு ஒன்றுமில்லை.'

"திங்கக்கிழமைப் படகுல ஒரு ஆய்வாளரம்மா வர்றாங்க. மூணு நாள் இருப்பாங்க. கடல்ல என்ன இருக்குன்னு கேப்பாங்க. எல்லாரும் ஒரே பதில்தான் சொல்லணும். தண்ணி இருக்கு. அவ்வளவுதான்."

"உப்பு?" என்றேன்.

"குன் அண்ணே, உங்களுக்காகத்தான் இந்தக் கூட்டமே. மூணு நாளைக்கு வாயத் திறக்காம இருங்க, உங்க காலத் தொட்டுக் கும்பிடறேன்."

"பொய் சொல்லணும்னுதானே எல்லாரையும் கேக்கறே?" என்றாள் எங்-தோ. "அதுக்கு இந்த மனுஷன் எதுக்கு வாய மூடணும்?"

"அண்ணன் பெருசாத்தான் பொய் சொல்லியிருக்காரு அக்கா. சின்னதாச் சொன்ன பழக்கமே இல்லையே."

அது உண்மை.

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊரே மாறிவிட்டது. கயிறுகளில் காய்ந்துகொண்டிருந்த கணவாய்கள் கட்டிலுக்கு அடியில் போயின. பூசணிக்காய்ச் சேமியாவைச் சிப்பி போடாமல் சமைத்தார்கள். எல்லோரும் துக்க வீட்டில் சாப்பிடுவதுபோலச் சாப்பிட்டார்கள்.

ஆய்வாளர் பெயர் லியென். முப்பது வயதிருக்கும். சிரிப்பு என்ற வசதியைப் பொருத்தாமலே அனுப்பியிருந்தார்கள். மாடியறை இருக்கிற ஒரே வீடு என்பதால் எங்கள் வீட்டில்தான் தங்கினாள். கையில் ஒரு பெரிய அளவுநாடா. முதல் நாள் மதிலை அளந்தாள். இரண்டாம் நாள் வாசலில் உட்கார்ந்து பூனைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊர்ப் பூனைகளுக்கு வயிறு தரையில் இழுபடும்.

"பெரியப்பா, கடல்ல மீனே இல்லன்னு எல்லாரும் சொல்றாங்க."

"ஆமாம்மா."

"பூனைங்க என்ன சாப்பிடுது?"

"விரதம்," என்றேன். "காத்து உள்ள போய் வயிறு உப்பிக்கிச்சு."

அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். எனக்குச் சற்றே கலக்கமாகிவிட்டது.

மூன்றாம் நாள் என் முறை. காலையில் பட்டியைப் பார்க்க அவளும் வருவதாகச் சொல்லிவிட்டாள். மீன் நிறைய வேண்டும் என்று வேண்டித்தான் எனக்குப் பழக்கம். அன்று விடிந்ததும் கோயிலுக்குப் போய், பட்டி இன்று காலியாக இருக்கட்டும் என்று கேட்டு, குறி பார்க்கும் இரண்டு பிறைக்கட்டைகளைப் போட்டேன். இரண்டும் தட்டைப் பக்கம் மேலே காட்டி விழுந்தால் சாமி பதில் சொல்லாமல் சிரிக்கிறார் என்று அர்த்தம். மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் சிரித்தார்.

வெள்ளம் வடியத் தொடங்கி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. மதிலின் முதுகு ஈரமாக வெளியே வந்திருந்தது. அதன்மேல் நான் முன்னால், அவள் பின்னால். வட்டத்துக்கு இருபது அடி இருக்கும்போது, உள்ளே மேக நிழல் விழுந்திருக்கிறது என்று நினைத்தேன். மேலே பார்த்தேன். வானத்தில் மேகம் இல்லை.

நிழல் திரும்பியது.

நாங்கள் அதைத் தோஃபு சுறா என்போம், படித்தவர்கள் திமிங்கலச் சுறா என்பார்கள். படகுக்காரர்கள் வெளிக்கடலில் எப்போதாவது முதுகை மட்டும் பார்ப்பார்கள். முழுசாக நான் பார்த்ததில்லை. கருநீல முதுகு, அதன்மேல் சோற்றுக் கிண்ணத்தின் வாய் அளவு வெள்ளைப் புள்ளிகள், வரிசை வரிசையாக, யாரோ உட்கார்ந்து நிதானமாக வைத்ததுபோல. வாய் கோயில் கதவின் அகலம். அது திறந்து மூடும்போது வட்டத்தில் இருந்த தண்ணீர் முழுவதும் ஒரு பக்கம் போய்த் திரும்பி வந்தது. வயிற்றுக்குக் கீழே நூற்றுக்கணக்கில் சின்ன மீன்கள் ஒதுங்கி நின்றன. கண் மட்டும் என் கட்டைவிரல் அளவுதான். அவ்வளவு பெரிய வீட்டுக்கு அவ்வளவு சிறிய சன்னல். அது எங்களைக் கடந்து போகும்போது அந்தச் சன்னலிலிருந்து யாரோ பார்த்தார்கள்.

"பெரியப்பா," என்றாள் லியென். கையில் இருந்த அளவுநாடாவை விரிக்கவே இல்லை.

எந்த மீனைப் பார்த்தாலும், வீட்டுக்குப் போய் இதை எப்படிச் சொல்வது என்று எனக்குள் ஒரு ஆள் உடனே பேசத் தொடங்கிவிடுவான். அன்று அவனும் வாயைப் பொத்திக்கொண்டான்.

தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அதன் அடிவயிறு மணலில் ஒருமுறை உரசியது. அந்தச் சத்தம் காலடிக் கல் வழியாக என் பல் வரைக்கும் வந்தது.

நான் ஊருக்கு ஓடினேன். நடந்தேன் என்பாள் எங்-தோ. கோயில் ஒலிபெருக்கியில் சொன்னபோது யாரும் நம்பவில்லை, ஆனாலும் எல்லோரும் வந்தார்கள். தியாம் என்னைக் கொல்வதற்கென்றே முன்னால் வந்தான். வட்டத்தின் அருகே வந்தவன் நின்று தொப்பியைக் கழற்றினான். அவன் தலையில் முடி இல்லை என்பது ஊருக்கே அன்றுதான் தெரிந்தது.

"அடுத்த வெள்ளம் வரட்டும்," என்றான் மெதுவாக. "அதுவாப் போயிடும்."

"அதுக்குப் பத்து மணி நேரம் ஆகும்," என்றாள் லியென். "தண்ணி தாங்காம அதோட எடையே அதைக் கொன்னுடும். வடபக்கம் மதிலுக்கு வெளியே ஆழம் இருக்கு. அங்க பிரிச்சா போயிடும்."

தியாம் மதிலைப் பார்த்தான். "அந்தப் பக்கம் அடிக்கல்லு வரைக்கும் எடுக்கணும். திருப்பி அடுக்க ரெண்டு மாசம் வேணும். அதுக்குள்ள உங்க சட்டம் வந்துட்டா நாங்க கல்லத் தொட முடியாது. அப்புறம் பட்டியே கிடையாது. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்," என்றாள் லியென்.

தியாம் என் பக்கம் திரும்பினான். "இன்னிக்கு உங்க முறை அண்ணே. உள்ள நிக்கறது உங்களுது. நீங்கதான் சொல்லணும்."

ஏழு தலைமுறை அடுக்கிய மதில். என் தாத்தா எடுத்து வைத்த கல் எது என்று எனக்குத் தெரியும். அது வடபக்கத்தில்தான் இருந்தது.

"பிரிங்க," என்றேன்.

பன்னிரண்டு வீடும் வரிசையாக நின்று கைக்குக் கை கல்லைக் கடத்தினோம். லியென் அளவுநாடாவை எங்கோ போட்டுவிட்டு எனக்கும் எங்-தோவுக்கும் நடுவில் நின்றாள். சுறாவின் முதுகு வெயிலில் காயத் தொடங்கியதும், காற்றுக்கும் வெயிலுக்கும் முகத்தில் சுற்றியிருந்த பூப்போட்ட துணிகளைப் பெண்கள் அவிழ்த்து நனைத்து அதன்மேல் போர்த்தினார்கள். சில பெண்களின் முகத்தை நான் முப்பது வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன். தோஃபு சுறா சிவப்புப் பூவும் மஞ்சள் பூவுமாகக் கல்யாணப் பெண்போலக் கிடந்தது. அசையவே இல்லை. அவ்வளவு பேர் தன்னைச் சுற்றி என்ன செய்கிறார்கள் என்று அதற்குத் தெரிந்திருந்தது. இதில் நான் எதையும் கூட்டவில்லை.

கடைசிக் கல் வந்ததும் வெளியலை உள்ளே நுழைந்தது. சுறா செவுள்களை விரித்து ஒரு மூச்சு விட்டது. பிறகு எங்கள் எல்லோருக்கும் நடுவே, இரண்டு பக்கக் கல்லையும் தொட்டுக்கொண்டு போயிற்று. என் கை அதன் விலாவில் பட்டது. உப்புத்தாள்போல் சொரசொரப்பு, அதற்கு அடியில் மெதுவாக ஏதோ துடித்தது. போய்க்கொண்டே இருந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்தபோதும் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் வால் வந்து தியாமைக் குப்புறத் தள்ளியது.

ஆழத்துக்குப் போய் இறங்குகிற வரை பார்த்துக்கொண்டிருந்தோம். துணிகள் ஒவ்வொன்றாக மேலே மிதந்து வந்தன.

"யாராவது படம் எடுத்தீங்களா?" என்று கேட்டாள் லியென். அதுவரை எல்லோர் கையிலும் கல்தான் இருந்தது.

மூன்று வாரம் கழித்துக் கோயில் முற்றத்தில் விசாரணை. மாவட்டத்திலிருந்து மூன்று பேர் வரைபடத்தோடு வந்தார்கள். லியென் தன் அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தாள்.

"படம் இல்ல, அளவு இல்ல," என்றார் நடுவில் இருந்தவர். "ஊர்க்காரங்க கடல்ல ஒண்ணுமே இல்லன்னு துணி கட்டியிருக்கீங்க. யாரு சொல்றது சரி?"

தியாம் என்னைப் பார்த்தான். ஊரே பார்த்தது. ஒரே ஒரு சின்னப் பொய் போதும். அறிக்கை செத்துவிடும், மதில் பிழைத்துவிடும். வாழ்நாள் பூராவும் நான் பயிற்சி எடுத்தது அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தானோ என்னவோ.

எழுந்தேன். ஒன்றும் வரவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்தச் சின்னக் கண் ஞாபகம் வந்தது.

"வந்துச்சு," என்றேன். "எட்டு மீட்டர் இருக்கும்."

நடுவில் இருந்தவர் சிரித்தார். "பெரியவரே, உங்களப் பத்தி மாவட்டத்துலயே கேள்விப்பட்டிருக்கோம். முட்டைய நாலு தடவை போட்ட கோழி உங்க வீட்டுதுதானே?"

ஊரும் சிரித்திருக்க வேண்டும். சிரித்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். யாரும் சிரிக்கவில்லை. எங்-தோ எழுந்து நின்றாள்.

"இந்த மனுஷன் சொல்றது தப்பு," என்றாள். "பன்னெண்டு மீட்டர். குறைச்சுச் சொல்றாரு."

ஐம்பத்திரண்டு வருஷத்தில் அவள் என் மீன் ஒன்றை நீட்டியது அதுதான் முதல் தடவை. பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். அப்புறம் இன்னொருவர். பன்னிரண்டு வீடும் நின்றது. தியாம் கடைசியாக எழுந்து முழங்கால் காயத்தைக் காட்டினான். "வாலு பட்டுச்சு."

"அப்போ காக்கறதுக்கு இங்க ஏதோ இருக்கு," என்றார் அவர்.

"இருக்கு," என்றான் தியாம். "ஆனா அது உள்ள வந்தா கதவத் திறந்துவிட ஆள் வேணும். கல்லத் தொடாதேன்னா நாங்க கையக் கட்டிக்கிட்டு நிக்கறதா?"

"மதிலே இல்லன்னா அது மாட்டியிருக்காதே தலைவரே."

அது நியாயமான பேச்சு.

"மதில் இல்லன்னா நாங்க அதப் பாத்திருக்கவும் மாட்டோம்," என்றாள் எங்-தோ. "பாக்காத ஒண்ணுக்காக யாராவது மதிலப் பிரிப்பாங்களா?"

மூவரும் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். முடிவு இன்னும் வரவில்லை. முடிவாகும்வரை பன்னிரண்டு வீடும் கல்லைத் தொடலாம் என்று ஒரு கடிதம் மட்டும் வந்தது. தியாம் சிவப்புத் துணியை அவிழ்த்து, மாடு இல்லாத மாட்டுக் கொட்டகையில் கட்டிவிட்டான். அங்கே அது சரியாக இருக்கிறது.

வடகாற்று தொடங்குவதற்குள் மதிலை அடுக்கிவிட்டோம். வடபக்கத்தில் மட்டும் இரண்டு பேர் எடுக்கக்கூடிய கற்களாகப் பார்த்து வைத்தோம். என் தாத்தா கல்லை மேலாக வைத்தேன், முதலில் எடுக்க வசதியாக.

அடுக்கும்போது லியென் தொலைத்த அளவுநாடா கல்லிடுக்கில் கிடைத்தது. சுறா கிடந்தபோது அதன் மூக்கு முட்டிய கல்லும் வால் ஒதுங்கிய கல்லும் எனக்குத் தெரியும். ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து நாடாவைப் பிடித்து அளந்தேன். மூன்று தடவை பிடித்தேன். பதினான்கு மீட்டர், அதற்கு மேல் ஒரு சாண்.

எங்-தோவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் நம்பமாட்டாள்.