கடைசிக் குழாய் மரம்

சதுப்புப் புல்வெளியில் அந்த வெள்ளைப் பூ மலர்ந்துவிட்டால், வெர்மான்ட் மலைக்காரர்கள் வெயில் காலத்தைத் தலைமுழுகிவிட வேண்டியதுதான். காட்டு ஆர்க்கிட். தண்டைச் சுற்றி முறுக்கி முறுக்கிப் பூக்கும். வாசனையோ, பக்கத்தில் போனவரை நகரவிடாது. இவ்வளவு ஒய்யாரமான பூவுக்கு ஊர்க்காரர்கள் வைத்த பேர் திருகுத் துரப்பணம். மரத்தில் ஓட்டை போடுகிற சாமானின் பேர்! நல்ல ரசனைதான், போங்கள்.

வருஷா வருஷம் அந்த வாசனைக்காகக் காத்துக்கிடக்கிற செர்வையா, இந்த வருஷம் மட்டும் அது பூக்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டாள். பூத்துவிட்டது. இனி பனியில் மண் உறைவதற்குள் வேலையை முடித்துக்கொண்டு அசேல் போய்விடுவான்.

அசேல் மரக்குழாய் செய்கிறவன். ஊற்றுத் தண்ணீரை அவள் அடுப்படிக்குக் கொண்டுவர வந்தவன். நீள மரத்தை இரண்டு முனையிலிருந்தும் ஆளுக்கொரு துரப்பணத்தால் துளைத்துக்கொண்டு வந்தால், நடுவில் இரண்டு துளையும் சந்திக்க வேண்டும். கூட வந்தவன் கையை ஒடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட, மறுமுனையைச் செர்வையாவே பிடித்தாள். புருஷன் செத்தபின் பேச்சுத்துணை இல்லாமல் கிடந்தவள். துளை சேர்ந்ததும் அவன் அந்த முனையில் வாயை வைத்து, "அம்மணி, சோளரொட்டி வெந்துருச்சா?" என்று கத்துவான். மரத்துக்குள் புகுந்து வந்து அந்தக் குரல் அவள் காதில் விழும். அந்த ஒரு கத்தலுக்காகத்தான் அவள் தோள் வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டாள்.

பக்கத்துப் பண்ணை லொவீனாவுக்கு வாய் சும்மா இருக்குமா? "ஏண்டி, அவன் குழாய் போடுறானா, குடித்தனம் போடுறானா?"

"உன் வாயில கொள்ளியை வைக்க!" என்றாள் செர்வையா. அப்படி நடந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தவித்தாள்.

கடைசி மரம் துளைக்கிற மேடையில் ஏறியது. "இது முடிஞ்சா மண்ணுல பதிச்சுட்டுக் கெளம்பிர வேண்டியதுதான்" என்றான் அசேல், அவளைப் பார்க்காமலே.

"கெளம்புங்க. இங்க யாரு புடிச்சு வச்சிருக்கா?"

வாய்தான் அப்படிச் சொன்னது. "இருங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல நாக்கு எழவில்லை. ஆகவே துரப்பணத்தைச் சுழற்றும்போது வேண்டுமென்றே கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாள். மரம் வீணாய்ப் போகட்டும். இன்னும் இரண்டு நாள் இருப்பான் அல்லவா?

மத்தியானம் ஆயிற்று. நடுவைத் தாண்டியும் துளைகள் சேரவில்லை.

"பொளந்து பாத்துருவோம்" என்று ஆப்பையும் சம்மட்டியையும் எடுத்து வந்தான். செர்வையா ஓரமாய் நகர்ந்து நின்றாள். குட்டு வெளிப்படப் போகிறது; இனி அவன் முகத்தில் எப்படி விழிப்பது?

மரம் இரண்டாய் விழுந்தது. அவள் துளை தெற்கே கோணிக்கொண்டு போயிருந்தது. அது தெரிந்ததுதான். ஆனால் அவன் துளை? நூல் பிடித்தாற்போலத் துளைத்தே பழகிய கை அது. அந்தத் துளை வடக்கே வளைந்து, பட்டையைத் தொடுகிற அளவுக்குப் போயிருந்தது.

அசேல் பின்கழுத்தைச் சொறிந்தான். காதெல்லாம் சிவந்துவிட்டது.

"மரம் கோணல் போல."

"ஆமா. மரந்தான்."

"இன்னொண்ணு வெட்டணும்."

"ஒண்ணு போதுமா?" என்றாள் செர்வையா.