அக்காவின் கூட்டெழுத்து

அச்சடித்தது எதுவானாலும் எட்டு வயது நயாரா விடமாட்டாள். பிஸ்கட் உறை, மருந்துப் பெட்டி, பேருந்தின் பின்பக்கம் என எதையும் படித்துவிடுவாள். ஆனால் அக்கா மிலேனா சாப்பாட்டு மேசையில் எழுதும் நீல நோட்டு மட்டும் பிடிகொடுக்கவில்லை. அதில் எழுத்தெல்லாம் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு ஓடின. மிலேனா படித்த காலத்தில் பள்ளியில் கூட்டெழுத்து இருந்தது, பிறகு நிறுத்திவிட்டார்கள். நயாராவின் டீச்சர் தனித்தனியாகத்தான் எழுதுவார்.

"என்னக்கா எழுதற?"

"கண்ணு இருக்குல்ல? படிச்சுக்கோ." மிலேனா நோட்டை மூடக்கூட இல்லை.

நயாராவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

முதல் துப்பு நோட்டின் அட்டையிலேயே கிடைத்தது. அங்கே இருப்பது மிலேனா ஒலிவேரா என்ற பெயராகத்தானே இருக்கவேண்டும்! ஒவ்வொரு வளைவாகப் பிரித்துப் பார்த்தாள். எம் இது, எல் இது, வி இது. அடுத்தது குளிர்சாதனப் பெட்டியில் அம்மா ஒட்டிய சீட்டு. பால், முட்டை, தேநீர்போல் குடிக்கும் மாத்தே இலை என்று கடையில் வாங்கி வந்தவளே நயாராதான். அதனால் எந்தக் கோடு எந்தச் சாமான் என்று தெரியும். அந்த ஸ்பானிஷ் சொற்களிலிருந்து ஹெச்சும் எஸ்ஸும் சிக்கின. வாலை நீட்டிய ஒய்யைக் கண்டதும் தன் பெயரிலும் அது உண்டென்று குதித்தாள்.

சனிக்கிழமை மதியம் நோட்டு மேசையில் திறந்தே கிடந்தது. அக்கா குளித்துக்கொண்டிருந்தாள். நயாரா விரல் வைத்துத் தடவிப் படித்தாள். ஓர் எழுத்து மட்டும் புதிது, ஆனால் பக்கத்திலிருந்தவை அதைக் காட்டிக்கொடுத்துவிட்டன.

வறுத்த மீனோடு எல்லோரும் உட்கார்ந்ததும் அவளால் அடக்க முடியவில்லை. "அம்மா, நான் கூட்டெழுத்து படிச்சுட்டேன்! 'எனக்கு நீச்சல் தெரியாது, நயாராவுக்குத் தெரியும்'னு அக்கா எழுதியிருக்கா!"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது. ஆற்றங்கரைக்குப் போகும்போதெல்லாம் தண்ணீர் குளிருது, காது வலிக்குது என்று அக்கா கரையிலேயே உட்கார்ந்திருந்தாளே!

மிலேனாவின் முகம் சிவந்தது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள்.

"அடுத்தவங்க நோட்டைத் தொடலாமாடி?" என்றாள் அம்மா.

"படிச்சுக்கோன்னு அவதாம்மா சொன்னா," என்றாள் நயாரா.

இரண்டு நாள் மிலேனா பேசவில்லை. மூன்றாம் நாள் நோட்டும் கையுமாக நயாராவின் அறை வாசலில் வந்து நின்றாள்.

"எப்படிடி படிச்ச? யார் சொல்லிக்கொடுத்தா?"

"யாருமில்லக்கா. உன் பேரை வச்சுக் கண்டுபிடிச்சேன்."

"என் பேரா?" மிலேனா அட்டையைப் புரட்டிப் பார்த்தாள். கோபத்தை மீறிச் சிரிப்பு வந்தது. "திருட்டுக் கழுதை!"

"மன்னிச்சுடுக்கா. இனிமே தொடமாட்டேன்."

அந்த வார ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் வருவதற்கு முன்பே இருவரும் ஆற்றுக்குப் போனார்கள். இடுப்பளவு தண்ணீரில் மிலேனா தங்கையின் தோளை இறுகப் பற்றியிருந்தாள்.

"விட்டுடாதேடி!"

"விடல. முதல்ல மூச்சை இழு."

மிலேனா கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள்.