சத்தம் போடாதவர்

பல் ஆஸ்பத்திரியின் முன்மேசையில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். "உங்களுக்கென்ன, உட்கார்ந்த இடத்துல வேலை" என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் வந்து உட்கார்ந்து பாருங்கள். ஒரு காதில் போன், இன்னொரு காதில் பிள்ளை அழுகை, எதிரே "இன்னும் எவ்வளவு நேரம்மா?" என்று மேசையைத் தட்டுகிற கை. சாயங்காலத்துக்குள் என் பெயரே எனக்கு மறந்துவிடும்.

அன்று நர்ஸும் லீவு. உள்ளே டாக்டரம்மா ஒரே ஆள், வெளியே நான் ஒரே ஆள். மூன்றே காலுக்கு ஒரு லிப்ட் மெக்கானிக் வந்தார். வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டே பாரத்தை நிரப்பிக் கொடுத்தார். 'கீழ்க் கடைவாய்ப் பல், வீக்கம்' என்று எழுதியிருந்தார். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அதைத்தான் எழுதுவார்கள். மூலை நாற்காலியைக் காட்டினேன். போய் உட்கார்ந்தார். அடுத்து உள்ளே போகவேண்டியவர் அவர்தான்.

அதற்குள் ஒரு அம்மா, விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்ட சின்னப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். குழந்தை போட்ட கூச்சலில் காது கிழிந்தது. மெக்கானிக்கைப் பார்த்தேன். அவர்கள் போகட்டும் என்று கையைக் காட்டினார். தங்கமான மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து ஒரு வக்கீல். பல்லுக்குப் போட்ட கேப் கழன்று விழுந்துவிட்டதாம், நாளைக்குக் கேஸ் இருக்கிறதாம், ஓட்டைப் பல்லோடு எப்படி வாதாடுவதாம். வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். அவரோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. உள்ளே அனுப்பினேன். இந்தமுறை மெக்கானிக்கைக் கேட்கவில்லை. பிறகு, பல்கம்பி கன்னத்தைக் குத்துகிறது என்று ஒரு டீச்சர். "நான் வாயை வச்சுத்தான் பொழைக்கணும், தெரியுமா?" என்று சண்டைக்கே வந்துவிட்டாள். அவளையும் அனுப்பினேன். மூலையில் இருந்தவர் எழவும் இல்லை, முறைக்கவும் இல்லை. வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவர், டாக்டரம்மாவுக்குக் கொண்டாட்டம்தான் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். சிரித்தேனே, பாவி.

ஐந்தரைக்கு டீச்சர் வெளியே வந்ததும், இத்தனை நேரம் காத்திருந்த மனுஷனுக்கு ஒரு வாய்த் தண்ணீராவது கொடுப்போம் என்று டம்ளரை எடுத்துக்கொண்டு போனேன்.

"கொஞ்சம் குடிங்க சார். அடுத்து நீங்கதான்."

மறுக்காமல் வாங்கினார். கைக்குட்டையை எடுத்துவிட்டு வாயில் ஊற்றினார். அத்தனையும் அப்படியே திரும்பிச் சட்டையில் வழிந்தது. கைக்குட்டை முழுக்க எச்சில். தாடை எது கழுத்து எது என்று தெரியாமல் சிவந்து இறுகியிருந்தது. பாதிக்கு மேல் வாய் திறக்கவில்லை. திறந்த மட்டும் நாக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றது. பக்கத்தில் போன பிறகுதான், அவர் மூச்சு இழுக்கிற சத்தம் என் காதில் விழுந்தது.

"டாக்டரம்மா!" என்று நான் போட்ட கத்தலில் வக்கீலெல்லாம் தோற்றுப்போயிருப்பார்.

டாக்டரம்மா ஓடிவந்து ஒரு பார்வை பார்த்தார். "ஆம்புலன்ஸ் கூப்பிடு! சீழ் நாக்குக்கு அடியில இறங்கியிருக்கு, தொண்டை அடைச்சுட்டு வருது. படுக்க வைக்காதே, உக்காந்தே இருக்கட்டும்." ஊசி போட்டுக்கொண்டே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் பேசினார். பேசி முடித்துவிட்டு, "எப்ப வந்தார் இவர்?" என்றார். நான் குனிந்து, அவர் சட்டையில் வழிந்த தண்ணீரைத் துடைத்தேன்.

ஆம்புலன்ஸ் ஒன்பது நிமிடத்தில் வந்தது. அந்த ஒன்பது நிமிடமும் அவர் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். ஏற்றும்போது, உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து, உங்களையெல்லாம் காக்கவைத்துவிட்டேன் என்பதுபோல் கையைத் தூக்கிக் காட்டினார்.

பாரத்தில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். அவர் மனைவி எடுத்தாள். எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் சொன்னேன். பின்னால் பிள்ளைகள் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு எத்தனை பேரை உள்ளே அனுப்பினேன், என்ன எழுதினேன், ஒன்றும் நினைவில்லை. ஏழரைக்கு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"நான்தாங்க, அவர் வீட்டுல. தொண்டையில குழாய் போட்டிருக்காங்க. பொழைச்சுக்குவாராம். இன்னும் அரை மணி போயிருந்தா ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதாம்." மூக்கை உறிஞ்சினாள். "அங்க எத்தனை மணிக்கு வந்தார்னு கேக்கறாங்க."

இப்போதுதான் வந்தார் என்று சொல்லிவிடலாம். யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"மூணே காலுக்குங்க" என்றேன். "மூணு பேர் அவருக்கு முன்னாடி போனாங்க. முதல் ஆளுக்கு அவரே வழிவிட்டார். மத்த ரெண்டு பேரை நான்தான் விட்டேன். அவரைக் கேக்கவே இல்ல."

வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

"கத்தினாங்களா, அவங்க?"

"ஆமாங்க."

"ரெண்டு நாளா தட்டைத் தள்ளி வச்சுட்டுப் படுத்தாருங்க" என்றாள். "பசங்க போட்ட சத்தத்துல, ஏன்னு நானும் கேக்கல."

அவள் அழுதாள். நானும் அழுதேன். இரண்டு பேருமே போனை வைக்கவில்லை.