பீர் குடித்ததாகச் சொல்லப்படும் கியர்பாக்ஸ்

1

இந்தக் கதை எனக்கு எங்கே கிடைத்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லா பாஸ் என்கிற மலை நகரத்தில், சொபொகாச்சி என்ற பேட்டைக்குப் போகிற ஏற்றத்தின் நட்டநடுவில், நின்றுபோன என் காருக்குள் கிடைத்தது. நன்றாக ஏறிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று ஓர் உதறு உதறியது. பல்லைக் கடிப்பதுபோல ஒரு சத்தம். கியர் காட்டுகிற விளக்கு அணைந்தது, எஞ்சினும் அணைந்தது. பின்னால் வந்த மினிபஸ்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. நான் கைபிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு எதிரே பார்க்கிறேன், எனக்கு மேலே இன்னொரு சென்டெல்யா நிற்கிறது! அதே மாடல், அதே வெள்ளை, அதே உதறல். பயமெல்லாம் போய் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

(சென்டெல்யா என்ற பெயர் நானே வைத்தது. உண்மைப் பெயரை எழுதினால் அந்தக் கம்பெனி வக்கீல் என் வீட்டு வாசலில் வந்து நிற்பார். அவர் வண்டி நிற்காமல் வந்து சேருமா என்பது வேறு விஷயம்.)

எழுதிப் பார்த்த முதல் வரிகள்:

'வாரன்டி முடிந்த மறுமாதம் அந்த நகரத்துக் கார்களுக்கு மூப்பு வந்தது.' கட்டுரை வாடை அடிக்கிறது. வேண்டாம்.

'மலையும் மனிதனும் நேருக்கு நேர் மோதும்போது' ஐயோ, இதை முடிக்கவே போவதில்லை.

'ஒப்துலியா கல்யாண கேக்கோடு மலை ஏறிக்கொண்டிருந்தாள்.'

ஆ! இதுதான். மேலே நின்ற வண்டி அவளுடையது. இனி நான் சற்று ஒதுங்கிக்கொள்கிறேன்.

2

ஒப்துலியா கல்யாண கேக்கோடு மலை ஏறிக்கொண்டிருந்தாள். மூன்றடுக்கு கேக். பின்சீட்டில் அவள் கணவன் ரெமிஹியோ அதைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். ஊரில் பாதிக் கல்யாணத்துக்குக் கேக் செய்கிறவள் அவள். செய்வது பெரிதில்லை, இந்த ஊரில் அதைச் சாயாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பிழைப்பு. அதற்காகவே கியர் போடும் வேலை இல்லாத, குலுங்காத வண்டியாகப் பார்த்து வாங்கினாள்.

வண்டி உதறியது, நின்றது, பின்னால் நகர ஆரம்பித்தது.

"கல்லு! எறங்கிக் கல்லப் போடுய்யா!"

"கேக்க யாருடி பிடிக்கிறது?"

"கேக்கு கெடக்கு, மொதல்ல நம்ம உசுரப் பிடி!"

ரெமிஹியோ குதித்து, கையில் அகப்பட்ட கல்லைச் சக்கரத்துக்கு அடியில் திணித்தான். வண்டி நின்றது. கேக் நிற்கவில்லை. மேலடுக்கு மெதுவாகச் சரிந்து, சர்க்கரையில் செய்த மாப்பிள்ளை சீட்டுக்கு அடியில் போய் விழுந்தான். ஒப்துலியா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள்.

[இங்கே 'அவள் வாழ்க்கையும் அந்த அடுக்கைப் போலவே' என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்கினேன். அவள் அப்படியெல்லாம் நினைக்கவில்லை. அன்று மாலைக்குள் இன்னொரு மேலடுக்கு செய்ய முடியுமா என்றுதான் நினைத்தாள். முடிந்தது.]

மறுநாள் ஷோரூமுக்குப் போனாள். அங்கே இன்ஜினியர் உர்கிதி, இஸ்திரி கலையாத சட்டை, இனிக்க இனிக்கப் பேச்சு.

"வாரன்டி முடிஞ்சுபோச்சும்மா."

"முடியற வரைக்கும் நல்லாத்தான் சார் ஓடுச்சு."

"அதையேதாம்மா நானும் சொல்றேன்." சிரித்தார். "சரி, வாரன்டிய விடுங்க. நாங்க தொறந்து பாத்த கியர்பாக்ஸ் அத்தனையிலயும், மேல இருக்கிற கன்ட்ரோல் பெட்டிக்குள்ள பிசுபிசுன்னு என்னமோ ஒட்டிக்கிட்டு இருக்கு. என்ன தெரியுமா? பீரு! சால்யா பண்றேன்னு நீங்களே ஊத்திட்டு, கம்பெனி மேல பழி போட்டா எப்படி?"

"சார், நான் அல்லேலூயாக்காரி. எங்க சபையில பீரு வாசன கூடப் பாக்க மாட்டோம். என் வண்டியில ஒரு சொட்டு விழுந்ததில்ல."

உர்கிதி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கிளம்பலாம் என்பதுபோலக் கதவைக் காட்டினார்.

* சால்யா: கார்னிவல் செவ்வாயன்று வீடு, கடை, வண்டி எல்லாவற்றுக்கும் பூமித்தாய்க்கான பங்கைக் கொடுத்துவிட வேண்டும். வண்டிக்குக் காகித மாலை, பூவிதழ், சக்கரத்துக்குப் பீர். பக்தி முற்றியவர்கள் பானெட்டைத் திறந்து உள்ளேயும் ஊற்றுவார்கள். எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஏற்றுகிற நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

3

இப்போது வேகமாகப் போகிறேன், ஏனென்றால் எனக்கே கை பரபரக்கிறது.

சென்டெல்யா வாங்கிச் சிக்கியவர்கள் எல்லோரும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தோம். தலைவி மருந்துக்கடை எர்மெலிந்தா. அவள் மாத்திரை எடுத்துக் கொடுப்பதுகூட எதிர்க்கடைக்குக் கேட்கும். கூட்டம் போட்டோம், ஒரே தீர்மானம்: சாலை மறியல். இந்த ஊரில் ஆசிரியருக்குச் சம்பளம் வராவிட்டாலும் மறியல், தண்ணீர் வராவிட்டாலும் மறியல். எங்களுக்கு என்ன குறைச்சல்?

"மத்தவங்க மறியல்னா கல்லு தூக்கணும், டயரு கொளுத்தணும்," என்றாள் எர்மெலிந்தா. "நமக்கு அந்தச் செரமமே இல்ல. வண்டிய எடுத்துட்டு வந்தாப் போதும், அதுவா நின்னுக்கும்!"

அப்படியே ஆயிற்று, கொஞ்சம் அதிகமாகவே ஆயிற்று. ஷோரூம் வாசலுக்கு வர வேண்டிய வண்டிகளில் நாலைந்து, வருகிற வழியிலேயே கண்ட இடத்தில் நின்றுபோய், சம்பந்தமே இல்லாத தெருக்களில் தனித்தனி மறியல்கள் உருவாகிவிட்டன. ஒரு போலீஸ்காரர் எர்மெலிந்தாவைப் போனில் கூப்பிட்டு, "தாயே, மீன் மார்க்கெட் பக்கம் என்ன கோரிக்கைன்னு சொன்னா நல்லாருக்கும்," என்று கேட்டாராம். (இதை நான் கூட்டிச் சொல்லவில்லை. மற்றவற்றைச் சொல்லியிருக்கலாம்.)

மீதி வண்டிகள் ஷோரூம் முன்னால் சாலையை அடைத்து நின்றன. சூடான ஊதாச் சோளக் கஞ்சி விற்கிறவள் வந்துவிட்டாள், கறி அடைத்துச் சுட்ட சல்தேன்யா விற்கிறவன் வந்துவிட்டான், யாரோ பட்டாசு கொளுத்தினார்கள். திருவிழாதான்! அப்போது உர்கிதி ஒலிபெருக்கியோடு வெளியே வந்தார்.

"சரி! எல்லார் முன்னாடியும் ஒரே ஒரு வண்டியத் தொறப்போம். எதைன்னு நீங்களே சொல்லுங்க. உள்ள பீரு இல்லைன்னா, இங்க நிக்கிற அத்தன பேருக்கும் புது கியர்பாக்ஸ், கம்பெனி செலவுல. இருந்துச்சுன்னா, எல்லாரும் வீட்டுக்குப் போகணும். சம்மதமா?"

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. எல்லோரும் ஊற்றியவர்கள்தான். (என் வண்டியைக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நான் இரண்டு பாட்டில். மேல்வீட்டுக்காரர் மனம் நோகக்கூடாதே என்று.)

"சிஸ்டர் ஒப்துலியா வண்டி!" என்று எர்மெலிந்தா கத்தினாள். "அவங்க அல்லேலூயாக்காரங்க! அதத் தொறங்கய்யா பாப்போம்!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஒப்துலியாவைக் கையைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள்.

"ஒரு சொட்டு கூட இல்ல," என்றாள் அவள், கூட்டத்தைப் பார்த்து. "என்னைய நம்புங்க."

மெக்கானிக் பானெட்டைத் திறந்து பேட்டரியைக் கழற்றத் தொடங்கினான். அதை எடுத்தால்தான் அந்தப் பெட்டி கண்ணுக்குத் தெரியும்.

4

இந்த இடத்தில் எனக்கு ஒரு பாத்திரத்தின்மேல் சந்தேகம் வந்தது.

ரெமிஹியோ. அவனைக் கல் எடுத்துப் போடுவதற்கென்றுதான் கதைக்குள் கொண்டுவந்தேன். ஆனால் இந்தப் பகுதியை எழுதும்போது பார்க்கிறேன், ஊரே கைதட்டுகிறது, அவன் மட்டும் தட்டவில்லை. சல்தேன்யாவை ஒரு கடி கடித்தவன் மெல்லாமல் நிற்கிறான். ஏன்? சபைக்கு வருகிறவன்தான், பாடுகிறவன்தான், மனைவிக்காக. ஆனால் கார்னிவல் செவ்வாயன்று சபையார் எல்லோரும் ஊருக்கு வெளியே உபவாச ஜெபத்துக்குப் போவார்கள். ஒப்துலியா போனாள். ரெமிஹியோவுக்கு அன்று முதுகுவலி. வீட்டில் அவனும் வண்டியும்.

அடப்பாவி! நான் இதை யோசிக்கவே இல்லை.

அவன் அவளைக் கஞ்சிக்காரியின் வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போனான்.

"ஒரு நிமிசம் வாயேன்."

"என்னய்யா, அங்க தொறக்குறாங்க."

"அதான். தொறக்காம இருந்தா நல்லது."

ஒப்துலியாவுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. புரிந்ததும் அவன் சட்டையைப் பிடித்தாள்.

"எவ்வளவு ஊத்துன?"

"ஒரே ஒரு பாட்டில். மொதல்ல பூமித்தாய்க்கு, அப்புறம் சக்கரத்துக்கு, மிச்சம் எனக்கு."

"பானெட்டத் தொறந்தியா?"

"அதான் தெரியல."

"தெரியலன்னா?"

"மிச்சம் கொஞ்சம் அதிகமாப் போச்சு. அதுக்கப்புறம் எதுவும் நெனப்புல நிக்கல."

"பாவி மனுசா! ஊருக்கு முன்னாடி சத்தியம் பண்ணிட்டு நிக்கிறேன். அத்தன பேரு வண்டியும் என் வாயில தொங்குது. எதுக்குய்யா இத செஞ்ச? என்ன அவமானப்படுத்தவா?"

"நீ தெனமும் தனியா அந்த ஏத்தத்துல ஏறுற," என்றான் ரெமிஹியோ. "கேக்கப் பிடிச்சுக்க எல்லா நாளும் நான் வர முடியாது. ஒனக்கு ஒண்ணும் ஆயிடக்கூடாதுன்னு ஊத்துனேன். வேற என்ன எனக்குத் தெரியும்?"

அவன் மீசையில் ஒட்டியிருந்த சல்தேன்யாத் துணுக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் அப்படியே இருந்தது. அதற்கு அடியில் அதைவிடப் பெரிதாக ஒன்று வந்து உட்கார்ந்தது. இவ்வளவு நாள் இவன் இந்தப் பயத்தைத் தன்னிடம் சொல்லாமலே சுமந்திருக்கிறானே என்ற வேதனை அது.

5

பேட்டரி வெளியே வந்துவிட்டது. பெட்டியின் மூடியில் மெக்கானிக் ஸ்பேனரை வைக்கிறான். முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு. உள்ளே சுத்தம், சருகாய்க் காய்ந்து கிடக்கிறது. ஊரே ஆடுகிறது. எழுதிய அன்று எனக்கு ஒரே குஷி, மறுநாள் படித்தால் கோபம். ஒப்துலியாவைப் பெட்டி மூடியின் ஒரு போல்ட் காப்பாற்றுவதா?

இரண்டாவது முடிவு. உள்ளே பிசுபிசுப்பு, நடுவில் ஒரு வண்ணக் காகிதத் துண்டு. உர்கிதி சிரிக்கிறார். இதைப் பாதியில் நிறுத்திவிட்டேன். அந்தச் சிரிப்பை என்னால் எழுத முடியவில்லை.

மூன்றாவது முடிவு. அவள் வாய் திறக்காமல் நிற்கிறாள், எது வந்தாலும் வரட்டும் என்று. நம்பக்கூடியதுதான். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் அவள் நான் இல்லையே.

அவள் நேராக உர்கிதியிடம் போய் ஒலிபெருக்கியைக் கையிலிருந்து வாங்கினாள்.

"நிறுத்துப்பா!" மெக்கானிக் நிறுத்தினான். "எல்லாரும் கேட்டுக்குங்க. நான் ஊத்தல. என் வீட்டுக்காரரு ஊத்தியிருக்காரு. உள்ள போச்சா இல்லையான்னு எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. எனக்கு எதுவும் ஆயிடக்கூடாதுன்னு ஊத்துனாராம். ஒரு சொட்டு இல்லைன்னு சொன்னேனே, அது பொய்யாப் போச்சு. மன்னிச்சுக்குங்க."

பட்டாசு நின்றது. எர்மெலிந்தாவுக்கே சத்தம் வரவில்லை. உர்கிதி ஒலிபெருக்கிக்குக் கை நீட்டினார். ஒப்துலியா கொடுக்கவில்லை.

"இன்னொண்ணும் கேட்டுக்குங்க. இந்த ஊர்ல சால்யா இருக்குன்னு கம்பெனிக்குத் தெரியாதா? தெரிஞ்சுதானே வித்தாங்க? மலைக்கு வித்த வண்டி மலை ஏறணும், இந்த ஊருக்கு வித்த வண்டி இந்த ஊரத் தாங்கணும்! ஒரு சொட்டுல செத்துப்போற பெட்டிய நல்லா மூடி விக்கத் தெரியலன்னா, அது என் புருசன் தப்பா?"

"நானும் ஊத்தினேன்!" என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார்.

"நானும்! ஒரு கேஸு!"

"எங்க அம்மா ஊத்துனாங்க! எங்க மாமியாரும் ஊத்துனாங்க, தனித்தனியா!"

தெரு முழுக்க அதே குரல். நானும் கத்தினேன், தமிழில். யாருக்கும் புரியவில்லை, ஆனாலும் என் முதுகில் தட்டினார்கள். ரெமிஹியோ அழுதுகொண்டே மீதி சல்தேன்யாவை மென்றான். ஒப்துலியா ஓர் எட்டில் போய் அவன் மீசையைத் தன் விரலால் துடைத்துவிட்டு, திரும்பி வந்து உர்கிதியின் முன்னால் நின்றாள்.

"சார், நீங்க ஓட்டுறதும் இதே மாடல்தானே?"

"…ஆமாம்மா."

"போன கார்னிவலுக்கு அதுக்கு ஊத்துனீங்களா?"

ஒலிபெருக்கியை அவர் வாயருகில் பிடித்தாள்.

மெக்கானிக் ஸ்பேனரோடு நிமிர்ந்து பார்க்கிறான். மூடி இன்னும் கழலவில்லை, நான் கழற்றப் போவதும் இல்லை. ஊற்றினேன் என்றால், தானே செய்ததற்கு ஊரைப் பழிக்க முடியாது, அவர் வாதம் போயிற்று. ஊற்றவில்லை என்றால், இந்த ஊரில் பிறந்து வளர்ந்த ஒருவர் சொல்லி எவர் நம்புவார்? என்னிடம் மூன்று பதில்கள் இருந்தன, மூன்றையும் கிழித்துவிட்டேன். உர்கிதியின் உதடு பிரிகிறது. அவருக்குப் பக்கத்தில் இப்போது நீங்கள்தான் நிற்கிறீர்கள், அவர் சொல்வது முதலில் உங்கள் காதில்தான் விழும். என்ன சொன்னார் என்று எங்களுக்கும் கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள்.