கிளிவியாவுக்குக் கான்கிரீட் கணக்கு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தென்காசியில் ஒரு உரக்கடையில் என் முறைக்காக நின்றபோது கிடைத்த கதை இது. எனக்கு முன்னால் நின்றவர், "தாணு அண்ணாச்சி, இந்தத் தொட்டிமண் கலவையில ஒரு லிட்டர் தண்ணி ஊத்துனா எத்தன செகண்டுல எறங்கும்?" என்று கேட்டார்.

"அத யாரு பாத்தா? எறங்கும்போது எறங்கும்" என்றார் கடைக்காரர்.

வந்தவர் வாங்காமல் போய்விட்டார். நான் எதற்கு வந்தேன் என்பதை மறந்து, அவருக்கு ஒரு பெயரும் ஒரு மனைவியும் தேட ஆரம்பித்தேன். பெயர் மைதீன். மனைவி ஜன்னத். இனி வருவதெல்லாம் கற்பனை.

2

முதல் தொடக்கம்: "குத்துக்கல்வலசையில் சாரல் பெய்துகொண்டிருந்த ஒரு…" (அடித்துவிட்டேன். சாரலோடு தொடங்கும் கதைகளுக்கு இங்கே பஞ்சமே இல்லை.)

மைதீன் பத்தொன்பது வருடம் தோஹாவில், கான்கிரீட் கலக்கும் ஆலையில் வேலை பார்த்தவர். நான்கு மாதங்களுக்கு முன்பு ஒரேயடியாக ஊர் திரும்பினார். முதல் வாரம் பார்க்க ஆட்கள் வந்தார்கள். அதன்பிறகு வீட்டில் அவர் எதைத் தொட்டாலும் அது ஏற்கெனவே சரியாக இருந்தது. மோட்டார் ஓடியது, குழாய் ஒழுகவில்லை, மகள் கோவையில் படித்துக்கொண்டிருந்தாள். ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டே ஜன்னத் எல்லாவற்றையும் செய்து வைத்திருந்தாள்.

சரியில்லாமல் இருந்தவை மூன்று கிளிவியாச் செடிகள்* மட்டுமே.

ஆறு வருடத்துக்கு முன்பு ஜன்னத் குற்றாலத்துச் சீசன் கடையில் ஒரு தொட்டி வாங்கி, பக்கக் கன்று பிரித்து மூன்றாக்கியிருந்தாள். நிழலில் வளரும், ஆரஞ்சு நிறத்தில் கொத்தாகப் பூக்கும் என்றான் விற்றவன். இதுவரை பூக்கவில்லை. இந்த ஆனியில் இலைகளும் மஞ்சளாகத் தொடங்கின.

(*தமிழ்ப் பெயர் தேடினேன். எங்கள் எதிர்வீட்டுப் பேச்சித்தாய் "கிளிவாய்ச் செடி" என்கிறாள். எனக்கு அதுவே போதும்.)

3

ஆவணிக் கடைசியில் ஒரு புதன்கிழமை, ஜன்னத் வேலைக்குப் போனதும் மைதீன் மூன்று தொட்டிகளையும் கவிழ்த்தார். செம்மண்ணும் சாணமும் தேங்காய் நார்த்தூளும் சேர்த்து அவள் போட்டிருந்த மண், பிழியாத துணி மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தது. சுண்டுவிரல் தடிமன் வேர்களில் பாதி பழுப்பாகி அழுகியிருந்தன. அழுகியதை வெட்டினார். வடகரைக்கு வண்டியில் போய்த் தேங்காய் மட்டை கொண்டுவந்து துண்டு போட்டார். மக்கிய சாணம் ஒரு பங்கு, கரி இரண்டு, மட்டைத் துண்டு நான்கு. (சிமெண்ட், மணல், ஜல்லிக்குச் சொல்லும் அதே கணக்கு. அவர் கைக்குத் தெரிந்தது அதுதான்.) ஒரு தொட்டியில் நிரப்பி, ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, அது இறங்கும் நேரத்தைப் போனில் பார்த்தார். பதினொரு செகண்ட்! நான்கு மாதத்தில் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.

ஜன்னத் அன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டாள்.

(தொட்டியைத் தூக்கி எறிந்தாள் என்று எழுதினேன். ஆறு வருடம் ஈரத்துணியால் இலை துடைத்தவள் எறிவாளா? அடித்துவிட்டேன்.)

தோளில் கிடந்த பையைக்கூட அவள் இறக்கவில்லை.

"என்ட்ட ஒரு வார்த்த கேட்டியளா மச்சான்?"

"வேரு அழுகிட்டு ஜன்னத். நீயே பாரு."

"அழுகட்டும். என் செடி. பத்தொம்பது வருசம், இந்த வீட்டுல ஒரு ஆணி அடிக்கணும்னாலும் நான்தான் யோசிச்சேன். கேக்க ஆளு இல்ல. இப்ப ஆளு இருக்கு, அது என்ட்ட கேக்க மாட்டேங்கு."

மைதீன் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"கம்பெனியில திரும்பக் கூப்பிடுதான். இன்னைக்குப் பதில் சொல்லணும். இங்கன நான் செய்ய என்ன இருக்குன்னு தேடுனேன். இது மூணுதான் இருந்துச்சு."

4

அந்தக் கணம் ஜன்னத் மனதில் ஓடியது…

(தெரியவில்லை. மூன்று வசனம் எழுதிப் பார்த்தேன். எதுவும் அவள் வாயில் உட்காரவில்லை.)

அவள் குனிந்து வேர்களைப் புரட்டினாள். "வெட்டு சுத்தமா இருக்கு" என்றாள். பிறகு கலவையை ஒரு கை அள்ளி முகர்ந்தாள். "இம்புட்டு ஓட்டையா இருந்தா செடி எங்கன நிக்கும்?"

"கான்கிரீட்டுல ஓட்ட இருந்தா குத்தம். இதுல ஓட்ட இல்லாட்டிதான் குத்தம்."

"சாரல மட்டும் பாக்கிய. சித்திர வெயிலுக்கு இது அப்பளமா காஞ்சிரும். கொஞ்சம் நார்த்தூள் வேணும்."

மைதீன் யோசித்தார். சித்திரை மாதத்தில் அவர் இந்த வீட்டில் இருந்து பல வருடமாகிவிட்டது.

"எவ்வளவு போடட்டும்?" என்று கேட்டார்.

ஜன்னத் மெதுவாகப் பையை இறக்கிவைத்தாள். அந்தக் கேள்வி இன்னும் கொஞ்ச நேரம் காதில் இருக்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ. பிறகு எதிரே உட்கார்ந்தாள்.

"ஒரு பங்கு. இல்ல, அர பங்கு. தள்ளுங்க, நானே போடுதேன்."

5

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் பங்குனியில் மூன்று செடிகளும் பூக்கின்றன. மைதீன் அதைத் தோஹாவில் வாட்ஸ்அப்பில் பார்க்கிறார். மற்றதில் ஒன்றுகூடப் பூக்கவில்லை. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, யார் கலவை மோசம் என்று டீ ஆறும்வரை சண்டை போடுகிறார்கள். எனக்கு எது பிடித்தது என்று சொல்ல மாட்டேன்.

இப்போதைக்கு இரண்டு பேருடைய கையும் முழங்கைவரை கலவைக்குள் இருக்கிறது. ஓரமாக வைத்த போன் அடிக்கிறது. தோஹா நம்பர்.

"எடு ஜன்னத், யாருன்னு பாரு."

"என் கையும் மண்ணாத்தான இருக்கு!"

இருவருக்கும் சிரிப்பு. போன் விடாமல் அடிக்கிறது. என் கையில் பேனா.

உங்கள் கைதான் சுத்தமாக இருக்கிறது. எடுத்து, அவர்களுக்காக ஏதாவது சொல்லுங்கள்.